என்ஜினுக்கு எந்த எண்ணெய்?

சென்ற ஆண்டு ஒருநாள் வகுப்பு முடிந்ததும் மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். அவன் தந்தை பால் வியாபாரி. விடியற்காலையில் மோட்டார் சைக்கிளின் இருபுறமும் பால்கேன்களைக் கட்டிக்கொண்டு, சுற்றுவட்டாரக் கிராமங்களில் நாளொன்றுக்குச் சுமார் 60 கிலோமீட்டர் ஓட்டுபவர். சில வாரங்களாக வண்டி அதிகம் சூடாகிறது, சத்தமும் போடுகிறது என்று மெக்கானிக்கிடம் காட்டியிருக்கிறார். "இனிமேல் சிந்தெடிக் ஆயில்தான் ஊற்ற வேண்டும்" என்று அவர் சொல்லிவிட்டாராம். விலையோ வழக்கமான ஆயிலைப்போல் இருமடங்கு. "சார், அது உண்மையிலேயே அவ்வளவு உசத்தியா? அப்பா கேட்டு வரச் சொன்னார்" என்றான்.

"வண்டியோடு கொடுத்த கையேடு வீட்டில் இருந்தால் நாளைக்கு எடுத்து வா" என்று சொல்லி அனுப்பினேன். ஏன் கையேட்டைக் கேட்டேன் என்பது உங்களுக்குப் போகப் போகத் தெரியும்.

முதலில், என்ஜினுக்குள் எண்ணெய் என்ன செய்கிறது? "உராய்வைக் குறைக்கிறது" என்று உடனே சொல்வீர்கள். சரிதான். ஆனால் எப்படிக் குறைக்கிறது? இதற்கு விடை கிடைத்த கதை சுவையானது. 1883ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் போசாம்ப் டவர் என்ற பொறியாளர், ரயில் வண்டிகளின் அச்சுத் தாங்கிகளில் உராய்வு எவ்வளவு என்று அளந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் மேற்புறத்தில் ஒரு துளை இட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும் அந்தத் துளை வழியே எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக வெளியே பொங்கி வழிந்தது! தக்கையை வைத்து அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளையை அடித்துச் செருகினார். அதுவும் மெல்ல வெளியே வந்துவிட்டது. பிறகு அங்கே அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய், ஆப்பு வடிவமான குறுகிய இடைவெளிக்குள் திணிக்கிறது. அங்கே எழும் அழுத்தம் அச்சின் பாரம் முழுவதையும் தூக்கி நிறுத்துகிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. 1886இல் ஆசுபர்ன் ரெனால்ட்ஸ் இதற்குரிய கணிதச் சமன்பாட்டைத் தந்தார்.

உங்கள் வீட்டு வண்டியின் என்ஜினிலும் இதே கதைதான். சுழலும் தண்டுக்கும் தாங்கிக்கும் இடையே உள்ள எண்ணெய்ப் படலம் தலைமயிரின் தடிமனில் ஒரு சிறு பங்குதான். அந்தப் படலம் நிலைத்து நிற்க எண்ணெய்க்கு வேண்டிய பண்பு எது? நீங்கள் பாடத்தில் படித்த பாகுநிலை. நீர் எளிதில் ஓடுகிறது, தேன் மெதுவாக நகர்கிறது அல்லவா? எண்ணெய் மிகவும் நீர்த்திருந்தால் படலம் பாரம் தாங்காமல் கிழிந்துவிடும். மிகவும் தடித்திருந்தால் அதைக் கிளறுவதிலேயே என்ஜினின் ஆற்றல் வீணாகும். மூலைமுடுக்குகளுக்கு எண்ணெய் போய்ச் சேரவும் தாமதமாகும்.

தொல்லை என்னவென்றால், வெப்பநிலை ஏற ஏற எண்ணெயின் பாகுநிலை விரைந்து குறைகிறது. சாதாரண என்ஜின் எண்ணெய் ஒன்றை 40° செல்சியஸிலிருந்து 100°க்குச் சூடாக்கினால் அது ஆறேழு மடங்கு நீர்த்துப்போகும். காலையில் வண்டியை உதைக்கும்போது ஒரு பாகுநிலை, பத்து மைல் ஓடியபின் வேறொரு பாகுநிலை. ஆகவே டப்பாவின்மேல் இரண்டு எண்கள் அச்சிட்டிருப்பார்கள். 10டபிள்யூ-30 என்பதைப் பலர் வெப்பநிலை என்று எண்ணிவிடுகிறார்கள், அது தவறு. 'டபிள்யூ' என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. 10டபிள்யூ எண்ணெய், பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரியிலும் என்ஜினைச் சுழற்ற இடம் கொடுக்க வேண்டும். 20டபிள்யூ எண்ணெய்க்கு இந்தச் சோதனை பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில்தான். பின்னால் வரும் 30 என்ற எண், 100 டிகிரியில் எண்ணெயின் பாகுநிலை ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. 40 என்றால் அதைவிடத் தடிப்பு; 50 இன்னும் தடிப்பு.

கவனியுங்கள்: இந்த எண்கள் எண்ணெய் எதிலிருந்து செய்யப்பட்டது என்பதைச் சொல்லவே இல்லை. 10டபிள்யூ-30 சாதாரண எண்ணெயிலும் கிடைக்கும், சிந்தெடிக்கிலும் கிடைக்கும்.

அப்படியானால் இரண்டுக்கும் வேறுபாடு எங்கே? மார்கழி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்துப் பார்த்திருப்பீர்கள். ஒரு சொட்டும் விழாது. பக்கத்திலேயே நல்லெண்ணெய் தெளிவாக ஓடும். குளிர் ஒன்றுதான், மூலக்கூறுகள் வேறு. பூமிக்கடியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயோ பலவகை ஹைட்ரோகார்பன்கள் சேர்ந்த ஒரு கதம்பம். நேர்ச் சங்கிலிகள், கிளைச் சங்கிலிகள், வளையங்கள் எல்லாம் அதில் உண்டு. காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்தாலும் இக்கலப்பு முற்றிலும் போவதில்லை. அதில் உள்ள நீண்ட நேர்ச் சங்கிலிகள் குளிரில் மெழுகாக உறையும். வேறு சில மூலக்கூறுகள் சூட்டில் எளிதில் ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகும். இதுதான் வழக்கமான கனிம எண்ணெய்.

செயற்கை எண்ணெயில் நாம் விரும்பிய மூலக்கூறுகளை நாமே கட்டுகிறோம். எடுத்துக்காட்டாக, எத்திலீன் வாயுவிலிருந்து பத்துக் கார்பன் அணுக்கள் கொண்ட டெசீனைச் செய்து, அதை மூன்று நான்காக இணைத்தால் ஏறக்குறைய ஒரே அளவான மூலக்கூறுகள் கிடைக்கும். இதில் மெழுகு இல்லை. பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரியிலும் ஓடக்கூடியது. சூட்டில் கெடுவதும் மெதுவாகவே. வெப்பத்தால் பாகுநிலை எவ்வளவு குறைவாக மாறுகிறது என்பதைக் காட்ட, 1929இல் டீன், டேவிஸ் என்ற இருவர் ஒரு குறியெண் வகுத்தார்கள். அக்காலத்தில் மிக நல்லதெனக் கருதப்பட்ட பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100. மெக்சிகோ வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0. இன்றைய நல்ல கனிம எண்ணெய் 100ஐ ஒட்டி நிற்கிறது. நான் சொன்ன செயற்கை எண்ணெய் 120, 130 என்று அதைத் தாண்டிவிடுகிறது.

ஆனால் பெயரைப் பார்த்து மயங்கவேண்டாம். கச்சா எண்ணெயிலிருந்து வந்த பொருளையே உயர்ந்த அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு வினைபுரிய வைத்து, மூலக்கூறுகளை உடைத்து மாற்றியமைத்தும் ஏறத்தாழ அதே தரத்தை எட்டலாம். இதைச் சிந்தெடிக் என்று விற்கலாமா? அமெரிக்காவில் காஸ்ட்ரால் நிறுவனம் அப்படி விற்றதை மோபில் நிறுவனம் எதிர்த்தது. விளம்பரப் புகார்களை விசாரிக்கும் அமைப்பு 1999இல் காஸ்ட்ராலின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எனவே இன்று அப்பெயரில் கடையில் இருப்பவற்றில் இவ்வகையும் நிறைய உண்டு. மோசமான சரக்கு என்று நான் சொல்லவில்லை. சிந்தெடிக் என்பது வியாபாரப் பெயரும்கூட என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, எங்கே எது வேண்டும்? குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்கு இறங்கும் லே நகரில் காரைக் கிளப்ப வேண்டியவருக்குச் செயற்கை எண்ணெய் பெரிய வரம். டர்போ பொருத்திய கார்களுக்கும் அப்படியே. அங்கே சூடு மிகக் கடுமை. ஜெட் விமான என்ஜின்களில் கனிம எண்ணெய் தாக்குப்பிடிக்கவே முடியாது. நம் சமவெளியிலோ உறைபனி கிடையாது. ஆகையால் அதன் குளிர்காலத் திறமைக்கு இங்கே வேலையில்லை. வெப்பத்தைத் தாங்கும் திறமைக்கு மட்டும் ஓரளவு வேலை உண்டு. காற்றால் குளிரும் என்ஜின், சுமை, கோடை வெயில் மூன்றும் சேர்ந்தால் எண்ணெய் விரைவில் கெடும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆக்சிஜனேற்றத்தின் வேகம் சுமார் இருமடங்காகும் என்பது வேதியியலில் சொல்லும் ஒரு தோராயக் கணக்கு.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இதை நான் கற்றது அனுபவத்தில். பல ஆண்டுகளுக்கு முன், உயர்ந்த பொருள்தானே என்று கார்களுக்கான சிந்தெடிக் எண்ணெயை என் மோட்டார் சைக்கிளில் ஊற்றிக்கொண்டேன். கடைக்காரரும் தடுக்கவில்லை. சேலத்திலிருந்து ஏற்காடு மலை ஏறும்போது என்ஜின் உறுமுகிறது, வண்டி நகர மறுக்கிறது! பின்னால் மனைவி; கொண்டை ஊசி வளைவு; எதிரே பஸ். இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரம் கட்டினோம். காரணம் என்ன? பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். கிளட்ச் தட்டுகள் அதிலேயே மூழ்கியிருக்கின்றன. கிளட்ச் பிடிப்பதே உராய்வால்தான். காருக்கான சில எண்ணெய்களில் உராய்வை மேலும் குறைக்கும் பொருள்களைச் சேர்க்கிறார்கள். அவை கிளட்சை வழுக்கச் செய்துவிடும். அதனால் இத்தகைய வண்டிக்கு எண்ணெய் வாங்கும்போது டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு 'எம்.பி.' குறியுள்ளது பொருந்தும்; அதன் கிளட்ச் எண்ணெயில் மூழ்குவதில்லை.

மறுநாள் மாணவன் கையேட்டைக் கொண்டு வந்தான். 10டபிள்யூ-30, எம்.ஏ. தரம், 3000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவும் என்று அதில் இருந்தது. சிந்தெடிக் என்ற சொல்லே இல்லை. நாளுக்கு 60 என்றால் ஐம்பது நாளில் 3000 ஆகிவிடும். "அப்பா கடைசியாக எப்போது மாற்றினார்?" என்று கேட்டேன். யோசித்தான். பொங்கலுக்கு முன் என்றான். அப்போது மே மாதம்! எண்ணெய் மட்டத்தைக் காட்டும் குச்சியை அன்று மாலையே எடுத்துப் பார்க்கச் சொன்னேன். நுனியில்கூட எண்ணெய் ஒட்டவில்லையாம். வண்டி சூடானதற்கும் சத்தத்துக்கும் காரணம் தேட வேறெங்கும் போக வேண்டியதில்லை. அந்த நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த எண்ணெயும் அதே கதிக்குத்தான் ஆளாகியிருக்கும்.

இருமடங்கு விலை கொடுத்து, அதே 3000 கிலோமீட்டரில் மாற்றினால் கிலோமீட்டருக்கு ஆகும் செலவும் இருமடங்கு. விலைக்கு அஞ்சி மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் நஷ்டம் இன்னும் பெரிது. அதனால் கையேடு சொல்லும் எண்ணும் எம்.ஏ. குறியும் உள்ள கனிம எண்ணெயே போதும், ஐம்பது நாளுக்கு ஒருமுறை தவறாமல் மாற்றச் சொல் என்றேன். எண்ணெய் கறுத்துவிட்டதே என்று பயப்பட வேண்டியதில்லை. கரியைத் தன்னுள் மிதக்கவிட்டு என்ஜினைத் துப்புரவாக வைப்பதும் எண்ணெயின் வேலைதான். மட்டம் குறைவதற்குத்தான் பயப்பட வேண்டும்.

வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் ஒரு குப்பியில் கொண்டு வந்தான். ஆய்வுக்கூடத்தில் எஃகுக் குண்டை விழவிட்டுப் பாகுநிலையை அளக்கலாம் என்று பார்த்தால், மை போன்ற எண்ணெயில் குண்டு கண்ணுக்கே தெரியவில்லை. கையுறை அணிந்து, ஒரே புனலில் பழையதையும் புதியதையும் சம அளவு ஊற்றி, வடியும் நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தால் அளந்தோம். பழையது முந்திக்கொண்டது. பாகுநிலையைத் தாங்கிப் பிடிப்பதற்காகச் சேர்த்த நீண்ட பாலிமர் மூலக்கூறுகள் கியர்களின் பற்களிடையே அறுபட்டிருக்கும், கொஞ்சம் பெட்ரோலும் கலந்திருக்கும். இப்போது அவன் தந்தை ஞாயிறுதோறும் பால் ஊற்றிவிட்டு வந்ததும் குச்சியை எடுத்துப் பார்க்கிறாராம்.