கடைசி நாட்களின் பராமரிப்பு: நோயாளி சொன்னால்தான் தெரியும்

குணமாகாத நோயின் கடைசிக் கட்டத்திலும் மருத்துவத்துக்கு வேலை உண்டு. அது எந்த வேலை என்பதை நோயாளியின் வாயால் கேட்டறிந்தவர் பிரித்தானிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ். 1958 முதல் லண்டன் புனித ஜோசப் இல்லத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் நிலையைக் குறித்து வைத்தார். வலி தாங்காமல் கதறிய பிறகு மோர்பீன் கொடுப்பதற்குப் பதிலாக, வலி தலைதூக்கும் முன்பே நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும் என்பதை அவர் நிலைநாட்டினார். உடல் நோவு, மனக்கலக்கம், குடும்பக் கவலை, பணமுடை அனைத்தும் சேர்ந்ததே 'முழு வலி' என்றும் வகுத்தார்.

இலங்கையின் ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களில் இந்த வலிக்குத் தனி முகம் உண்டு. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவில், அதாவது வரிசை வீட்டு அறையில், படுத்திருப்பவரைப் பார்க்க மகள் வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டால் அவளுக்கு அன்றைய பேர், அதாவது நாட்கூலி, இல்லை; பாதியில் வந்தால் அரைப்பேர். கழிவறை வெளியே இருந்தால் இரவில் எழுந்து போகப் பயந்து தண்ணீரைக் குறைத்துக்கொள்ளத் தோன்றும். மோர்பீனால் வரும் மலச்சிக்கல் அதனால் இன்னும் இறுகும். கேட்காவிட்டால் இது எந்த கிளினிக் அட்டையிலும் ஏறாது.

மொழி அடுத்த தடை. பதுளை வைத்தியசாலையிலோ கொழும்பை அடுத்த மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையிலோ சிங்களம் பேசும் மருத்துவருக்கும் தமிழ் நோயாளிக்கும் நடுவில் பெரும்பாலும் மகனோ மருமகளோதான் நிற்பார்கள். "எரியுது" என்பதும் "குத்துது" என்பதும் வெறும் 'வலி'யாகிவிடும். எரிச்சல் நரம்பு வலியாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து தேவைப்படும். நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று மறைப்பவரும் அதே உறவினராக இருந்தால், நோயாளியின் விருப்பம் மருத்துவரை எட்டாது.

இந்தத் தடைகளைத் தாண்ட ஒரு வழி உண்டு. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரணப் பணி, பயிற்சி பெற்ற அயலவர்களை வீடுகளுக்கு அனுப்பும் இயக்கமாக வளர்ந்தது. இலங்கையும் 2019–2023 காலத்துக்கு நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கான தேசியத் திட்டம் வகுத்தது. தோட்டங்களில் இப்படி வீடு தேடிச் சென்று பராமரிக்கக்கூடியவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்: தோட்ட வைத்திய உதவியாளர், லயம் லயமாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர், படித்த இளைஞர்கள்.

அவர்கள் தமிழில் கேட்க வேண்டியவை சில: எங்கே, எப்படி வலிக்கிறது? எதற்குப் பயம்? நோயைப் பற்றி எவ்வளவு தெரிய வேண்டும்? கடைசிவரை வீட்டிலா, வைத்தியசாலையிலா? நினைவு தெளிவாக இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொண்டால், பயனில்லாத கொழும்புப் பயணத்தை நிறுத்தி, வலிமருந்தை வீட்டுக்கே கொண்டுவர வழி செய்யலாம்.