வள்ளத்தில் இரண்டு பற்றரிகள்: ஒன்று விதைநெல், மற்றது சாப்பாட்டு நெல்

விதைநெல்லைக் குத்திச் சமைக்கும் விவசாயி இல்லை. வீட்டில் எவ்வளவு கஷ்டம் வந்தாலும், அடுத்த மாரி விதைப்புக்கான நெல்லை வேறு சாக்கில் கட்டி வேறாக வைப்பதே எமது வழக்கம். வள்ளத்தில் இரண்டு பற்றரிகள் வைப்பதன் நியாயமும் இதுதான்.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய விவசாயக் குடும்பங்கள் பல வடமராட்சியில் வந்து தங்கின. நிலமில்லாமல், வல்வெட்டித்துறைக் கரையில் பங்குக்குத் தொழிலுக்குப் போகிறவர்களுக்கும், நாலு குடும்பம் கூடிக் கடன்பட்டு வள்ளம் வாங்க நினைப்பவர்களுக்குமே இக்கட்டுரை. மின்சாரம் நின்ற அந்த நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாம். ஆகவே இது விளங்காத வித்தையல்ல.

இவ்வூரில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போனது. இன்றைய இயந்திர வள்ளத்தில் பாய் இல்லை. இயந்திரம் கிளம்பாவிட்டால், காற்றும் நீரோட்டமும் கொண்டுபோகும் இடத்துக்கே போக வேண்டும். சோழகம் வீசும் மாதங்களில் காற்று எம்மைக் கரையிலிருந்து கடலுக்குள்ளேயே தள்ளும். எதிரே 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கை வகுத்த கடல் எல்லை, அதற்கப்பால் கோடிக்கரை. எல்லை தாண்டிப் பிடிபட்டால் ஆளும் வள்ளமும் அங்கே, கடன் மட்டும் இங்கே.

சிறிய பைபர் வள்ளங்களில் வெளி இயந்திரத்தைக் கயிறு இழுத்துக் கிளப்புவர். அங்கே பற்றரி விளக்குக்கும் ஜி.பி.எஸ். கருவிக்குமே வேண்டும். பற்றரியால் கிளம்பும் இயந்திரமானால், ஒரே பற்றரியில் இரவு முழுவதும் விளக்கெரித்துவிட்டு விடியற்காலை இயந்திரத்தைக் கிளப்பப் பார்ப்பது விதைநெல்லைத் தின்பதற்குச் சமம்.

இரண்டுக்கும் இரண்டு வேலை

கிளப்பும் பற்றரியின் ஈயத் தகடுகள் மெல்லியவை. சில வினாடிகளுக்குப் பெரும் மின்னோட்டத்தைத் தரும்; ஆனால் அடிக்கடி வெறுமையாக விட்டால் விரைவில் பழுதாகும். பாவனைப் பற்றரியின் தகடுகள் தடித்தவை. சிறிய மின்னோட்டத்தை நீண்ட நேரம் தரும். அதையும் பாதிக்குக் கீழே இறக்காமல் பாவித்தால் ஆயுள் கூடும்.

கணக்கு இலேசானது. 10 வாற் எல்.ஈ.டி. விளக்கு ஒன்று 12 வோல்றில் ஏறத்தாழ 0.8 அம்பியர் எடுக்கும். நாலு விளக்குகள் பத்து மணித்தியாலம் எரிந்தால் சுமார் 33 அம்பியர்-மணி. ஜி.பி.எஸ். முதலியவற்றையும் சேர்த்து 40 என்று கொள்ளுங்கள். 100 அம்பியர்-மணிப் பற்றரி இதைப் பாதிக்குக் குறையாமல் தாங்கும்.

சுவிச்சைத் திருப்பும் முறை

இரண்டு பற்றரிகளுக்கும் நடுவே வைக்கும் சுவிச்சில் நாலு நிலைகள் உண்டு: ஒன்று, இரண்டு, இரண்டும் சேர்ந்து, நிறுத்தம். கிளப்பும் பற்றரியை ஒன்றிலும், பாவனைப் பற்றரியை இரண்டிலும் இணையுங்கள்.

கிளப்பும்போது சுவிச்சு ஒன்றில் இருக்கட்டும். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் ‘இரண்டும்’ என்ற நிலைக்குத் திருப்பினால் இரண்டு பற்றரிகளும் சார்ச் ஏறும். இயந்திரத்தை நிறுத்தியவுடன் இரண்டுக்குத் திருப்புங்கள். இதை மறந்தால் விளக்குகள் இரண்டு பற்றரிகளையும் சேர்த்தே குடித்துவிடும். பெரும்பாலான இடர் இந்த மறதியாலேயே வருகிறது.

இயந்திரம் ஓடும்போது ‘நிறுத்தம்’ பக்கம் ஒருபோதும் திருப்பாதீர்கள். வரும் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் வோல்றளவு திடீரென உயர்ந்து, சார்ச் செய்யும் பகுதியின் டையோட்டுகள் எரிந்துவிடும்.

தானாகவே இணைத்துப் பிரிக்கும் ரிலேயும் உண்டு. சார்ச் ஏறி ஏறத்தாழ 13.3 வோல்ற் வந்ததும் அது இரண்டையும் இணைக்கும், 12.8 அளவுக்கு இறங்கியதும் பிரிக்கும். மறதிக்கு இது நல்ல மருந்து. எவ்வாறாயினும், பாவனை வயரில் பற்றரிக்கு அருகே பியூஸ் ஒன்று இருக்க வேண்டும்.

சார்ச் ஏற்றுதல்

காய்ந்த நிலம் முதல் தண்ணீரை விரைவாகக் குடித்து, பிறகு மெல்ல மெல்லவே குடிக்கும். பற்றரியும் அப்படித்தான். கடைசிப் பங்கு ஏறப் பல மணித்தியாலம் எடுக்கும். கரைக்கு வரும் குறுகிய ஓட்டம் மட்டும் போதாது. வீட்டில் சார்ச்சரில் போடுவதானால் 100 அம்பியர்-மணிப் பற்றரிக்குச் சுமார் 10 அம்பியர் போதும். சூரியத் தகடானால், நல்ல வெயிலில் 150 வாற் தகடு ஒரு பகலில் சுமார் 40 அம்பியர்-மணி தரும். தகட்டுக்கும் பற்றரிக்கும் இடையே சார்ச் கட்டுப்படுத்தி கட்டாயம் தேவை.

சில மணித்தியாலம் ஆறவிட்டுப் பார்த்தால், நிறைந்த பற்றரி 12.7 வோல்ற் காட்டும். 12.2 என்றால் பாதி. 12 க்குக் கீழே என்றால் அதை நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள்.

பராமரிப்பு

எமது கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடாக வருவது. அதைப் பற்றரிக்குள் ஊற்றினால் தகடுகள் கெடும். கடையில் விற்கும் பற்றரித் தண்ணீரையே விடுங்கள். அசிட் விட வேண்டாம். சார்ச் ஏறும்போது எரியக்கூடிய ஐதரசன் வாயு வெளிவரும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அருகே பீடியோ குப்பி விளக்கோ கூடாது. கழற்றும்போது முதலில் மறை முனையையும், பூட்டும்போது கடைசியாக மறை முனையையும் தொடுங்கள். பற்றரியை வள்ளத்தின் அடியில் வைக்காமல், உயரத்தில் பெட்டிக்குள் இறுகக் கட்டி வையுங்கள். உப்புநீர் உள்ளே புகுந்து அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயுவான குளோரீன் உண்டாகலாம். முனைகளுக்குக் கிறீஸ் பூசினால் உப்பு தின்னாது.

கூட்டு வள்ளத்தில் இன்னொன்று முக்கியம். சுவிச்சைத் திருப்பும் முறையை ஒருவர் மட்டும் தெரிந்து வைத்திருந்தால், அவர் காய்ச்சலில் கரையில் நிற்கும் இரவில்தான் வள்ளம் கடலில் நிற்கும். ஆகவே ‘கிளப்ப ஒன்று, ஓட இரண்டும், நிற்க இரண்டு’ என்று பெட்டி மூடியின் உட்புறத்தில் பெயின்ரால் எழுதுங்கள். பங்காளர் ஒவ்வொருவரும் கரையில் நிற்கும்போதே ஒருமுறை தம் கையால் செய்து பழகட்டும். விதைநெல் எந்தச் சாக்கில் இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.