ஔஷதத்தின் வழி – 9: கோட்டைத் தாண்டும் உயிரணுக்கள்

ஒசூரிலிருந்து பெங்களூருக்குப் போகும் பெருஞ்சாலையில், சந்தாபுராவில் பேருந்து நிற்கும்போதெல்லாம், ஒரு கையில் ஸ்கேன் உறையும் மறு கையில் சாப்பாட்டுத் தூக்கும் ஏந்தி, பொம்மசந்திராவிலுள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்கும் கிருஷ்ணகிரி, தருமபுரிக் குடும்பங்களைக் கண்டு வருகிறேன். அவர்களுள் ஒரு பெரியவர், தம் தம்பிக்குப் பெருங்குடலில் தோன்றிய கட்டி ஈரலுக்கும் பரவிவிட்டதென்று சொல்லி, "மஞ்சள் இதைத் தடுக்குதுன்னு ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிட்டாங்களாமே, ஊசியை நிறுத்திட்டு அதையே குடுக்கலாமா சார்?" என்று வினவினார். அவருக்குச் சொன்ன விடையையே இவ்வாரம் விரித்துரைக்கிறேன்.

பரிசோதனைச் சாலையில் நிகழ்வது இதுதான். ஒரே நோயாளியின் குடற்கட்டியிலிருந்தும், பின்னர் நோய் பரவிய நிணநீர் முடிச்சிலிருந்தும் எடுத்து வளர்க்கப்பட்ட எஸ்.டபிள்யூ.480, எஸ்.டபிள்யூ.620 என்னும் இரு உயிரணுக் குலங்கள், 1976-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது முதல், இன்றும் ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றன. தட்டின் அடியில் பாய்போல் படர்ந்த அணுக்களின் நடுவே நுண்ணிய முனையால் ஒரு கோடு கீறி, தாவரச் சத்தைக் கலந்து, அந்த இடைவெளியை அணுக்கள் எத்தனை மணியில் நகர்ந்து மூடுகின்றன என்று அளப்பார்கள். சத்து அணுக்களைக் கொன்றுவிட்டாலும், அவை பெருகுவதைத் தடுத்தாலும், இடைவெளி மூடாமலே இருக்குமாதலால், கொல்லாத அளவைத் தேர்ந்து, சத்தைக் கரைத்த திரவத்தை மட்டும் இட்ட தட்டையும் அருகில் வைத்து ஒப்பிட்டாலன்றி, நடமாட்டம் நின்றதென்று சொல்லுதல் நியாயமாகாது. இத்தனை சோதனையிலும் தேறிய பொருள்கூட, இரைப்பையையும் ஈரலையும் கடந்து உரிய அளவில் இரத்தத்தை அடைய வேண்டும்; மஞ்சளின் குர்குமினோ உண்டால் மிகச் சொற்பமாகவே இரத்தத்தில் சேர்கிறது.

ஆயினும் தாவரம் தோற்றதென்று எண்ண வேண்டாம். சீன விருட்சமொன்றிலிருந்து வால், வானி என்னும் ஆய்வாளர் இருவர் 1966-இல் வெளிப்படுத்திய காம்ப்டோதெசின் என்னும் சத்தை, சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய டி. ஆர். கோவிந்தாச்சாரி, பம்பாய் சிபா ஆராய்ச்சி நிலையத்தில் சக ஆய்வாளர் விசுவநாதனுடன் சேர்ந்து, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வதும் கன்னடத்தார் துர்வாசனை மரம் என்பதுமான மரத்திலிருந்து 1972-இல் பிரித்தெடுத்தார். தட்டில் வீரியம் காட்டிய அச்சத்து மனிதருக்குக் கொடுக்கப்பட்டபோது மூத்திரப்பையில் இரத்தப் பெருக்கை உண்டாக்கியதால் அந்தப் பிரயோகம் கைவிடப்பட்டது. பிளவுபடும் உயிரணு தன் மரபிழையின் முறுக்கை அவிழ்க்க வெட்டும்போது அவ்வெட்டை மீண்டும் ஒட்டவிடாமல் தடுப்பதே அதன் செயல் என்பது 1985-இல் துலங்கியது. நீரில் கரையுமாறு மாற்றியமைக்கப்பட்ட அதன் வடிவமான இரினோடெகான் 1996-இல் அமெரிக்காவில், பரவிவிட்ட பெருங்குடற் புற்றுக்கென அங்கீகாரம் பெற்றது. மரப்பட்டை மருந்தாக முப்பது ஆண்டுகள் ஆயின.

"உங்கள் தம்பிக்கு ஏறும் ஊசியிலேயே ஒரு மரத்தின் சத்து இருக்கக்கூடும், ஐயா, அதை நிறுத்தாதீர்கள், மஞ்சளைக் குழம்பில் வழக்கம்போல் போடுங்கள், மாத்திரையாகக் கொடுப்பதானால் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்" என்றேன். அவர் தூக்கைக் கை மாற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரி இருக்கும் திசையில் நடந்தார்.

அந்தத் துர்வாசனை மரமே மலையில் அருகி வரும் வரலாற்றை அடுத்த வாரம் காண்போம்.