ஆழ்கடல் ஒலியும் மென்பொருளும்

கடல்நீருக்குள் ரேடார் அலைகள் நெடுந்தொலைவு செல்வதில்லை. நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டறிய ஒலியே துணை. இதற்கான சோனார் கருவிகளைப் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தின் கொச்சி ஆய்வுக்கூடம் உருவாக்கி வருகிறது. 1980களில் உருவான 'அப்சோ', பின்னர் வந்த 'ஹம்சா' ஆகியன அதன் ஆக்கங்கள்.

கடல்நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். அனுப்பிய ஒலி 4 வினாடிகளில் எதிரொலித்துத் திரும்பினால், பொருள் 3 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது எனலாம். ஆனால் அலையோசை, இறால்களின் சடசடப்பு, கப்பல் இயந்திரங்களின் இரைச்சல் யாவும் அதனுடன் கலந்தே வருகின்றன. இவற்றிலிருந்து எதிரொலியைப் பிரித்தறியும் கணிப்பு முறைகளை வகுப்பதே சமிக்ஞை ஆய்வு மென்பொருள் பொறியாளரின் பணி. பல ஒலியுணர்விகளை ஒலி வந்தடையும் கால வேறுபாட்டால் திசையும், அதிர்வெண் மாற்றத்தால் பொருளின் நகர்வும் கணிக்கப்படுகின்றன.

இதில் இக்கட்டு ஒன்றுண்டு. ஐயத்திற்குரிய ஒலிகளுக்கெல்லாம் எச்சரிக்கை எழுப்பினால், மாலுமிகள் எச்சரிக்கையையே நம்பாது போவர். வரம்பை உயர்த்தினால், உண்மையான நீர்மூழ்கி தப்பிவிடும். மேலும், வெயிலில் மேற்பரப்பு நீர் சூடேறும்போது ஒலி கீழ்நோக்கி வளைகிறது. காலையில் புலப்பட்டது பிற்பகலில் புலப்படாது போகலாம். ஆகவே, நம் கடல்களில் திரட்டிய ஒலிப்பதிவுகளைக் கொண்டே மென்பொருளைச் சோதித்துச் செம்மைப்படுத்த வேண்டியுள்ளது. கருவியை விலைக்கு வாங்கலாம். நம் கடலைப் பற்றிய அறிவை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.