வலி மாத்திரையும் வாழ்க்கைத் துணையும்



மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளர்களுக்கு நற்கருணை கொண்டுசெல்லும்போது, சில வீடுகளில் செபம் முடிந்து புறப்படுகையில் கணவரோ மனைவியோ வாசல்வரை கூட வருவார்கள். நோயாளியின் முன் சொல்ல முடியாததை அங்கே சொல்வார்கள். அப்படி ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் கேட்ட பேச்சு இது: "சாமி, ஆபரேஷன் முடிஞ்சது, கீமோ முடிஞ்சது, கரண்ட் வெச்சதும் முடிஞ்சது. நோய் இப்ப இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா அந்த வலி மாத்திரையை மட்டும் விட முடியல."

குடிப்பழக்கம் உள்ள வீட்டின் துன்பம் ஊருக்குத் தெரியும். இந்தத் துன்பம் வெளியே தெரிவதில்லை. மாத்திரையைக் கொடுத்தவர் மருத்துவர். சாப்பிடுபவர் புற்றுநோயோடு போராடி மீண்டவர். அவரைப் போய்க் குறைசொல்வதா என்ற தயக்கம் ஒருபுறம், இது எங்கே போய் முடியுமோ என்ற அச்சம் மறுபுறம். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் துணைவருக்காகவே இச்சிந்தனை.

வலியைத் தணிப்பது பாவமா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றுவோம். வலியைத் தாங்கிக்கொள்வதுதான் பக்தி, மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். திருச்சபை அப்படிக் கற்பிக்கவில்லை. 1957ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் மருத்துவர்களிடம் பேசிய திருத்தந்தை 12ஆம் பத்திநாதர், வலியை நீக்கும் மருந்துகளைத் தக்க காரணத்தோடு பயன்படுத்துவது கிறிஸ்தவ ஒழுக்கத்துக்கு முரணானது அல்ல என்று தெளிவுபடுத்தினார். புனித இரண்டாம் யோவான் பவுல் 1984இல் துன்பத்தின் கிறிஸ்தவப் பொருளைப் பற்றி ஒரு திருத்தூது மடலே எழுதினார். அம்மடலிலும் நல்ல சமாரியரின் உவமைக்குத் தனி இடம் கொடுத்து, துன்புறுவோரைத் தேற்றும் கடமையை வலியுறுத்தினார். நம் ஆண்டவரும் தம்மிடம் வந்த நோயாளிகளிடம் வலியைப் பொறுத்துக்கொண்டு திரும்பிப் போங்கள் என்று சொல்லவில்லை, தொட்டுக் குணமாக்கினார்.

ஆகவே மருந்து எடுத்ததில் குற்றமில்லை. மார்பக அறுவை சிகிச்சைக்குப் பிறகு மார்பிலும் கையிலும் நரம்பு வலி நீடிக்கலாம். சில கீமோ மருந்துகளால் கை கால் விரல்களில் எரிச்சலும் மரத்துப்போதலும் பல மாதங்கள் இருக்கலாம். நோய் போன பின்னும் வரும் இவ்வலி உண்மையானது. "எல்லாம் உன் மனப்பிரமை" என்று சொல்வது உண்மைக்கும் அன்புக்கும் எதிரானது.

உடல் பழகுவது வேறு, அடிமையாவது வேறு

மார்பின், டிரமடால், டேபென்டடால் போன்றவை ஓபியாய்டு வகை மருந்துகள். இவற்றைத் தொடர்ந்து சில வாரங்கள் எடுத்தாலே யாருடைய உடலும் பழகிவிடும். முன்பு கேட்ட அளவு பிறகு கேட்காது. ஒரு வேளை தவறினால் கொட்டாவி, மூக்கு ஒழுகுதல், வியர்வை, புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, இருப்புக்கொள்ளாத தவிப்பு எல்லாம் வரும். இது உடலின் இயல்பு. துறவிக்கும் இதுதான் நடக்கும், பங்குத்தந்தைக்கும் இதுதான் நடக்கும்.

ஆனால் இதைத் தாண்டிய நிலை ஒன்று உண்டு. வலிக்காக எடுத்த மாத்திரையைக் கவலைக்காகவும் தூக்கத்துக்காகவும் எடுப்பது, ஒரு மாதத்துக்கு வாங்கியது இரண்டு வாரத்தில் தீர்வது, தலையணைக்கு அடியிலும் அரிசிப் பானையிலும் மறைத்துவைப்பது, ஒரு மருத்துவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் சீட்டு வாங்குவது, பழைய சீட்டோடு கடை கடையாக அலைவது, கேட்டால் எரிந்துவிழுவது. இவை அடிமைநிலையின் அடையாளங்கள். இதுவும் ஒரு நோயே; மருத்துவம் உள்ள நோய். டிரமடாலை மத்திய அரசு 2018இல் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்ததற்குக் காரணம், அது சாதாரண மாத்திரை அல்ல என்பதே.

திடீரென்று நிறுத்தாதீர்கள்

அக்கறையுள்ள துணைவர் பலர் இங்கேதான் இடறுகிறார்கள். ஒருநாள் கோபத்தில் மாத்திரை அனைத்தையும் கழிப்பறையில் கொட்டிவிடுவார்கள். அல்லது "இன்றோடு விட்டுவிடு" என்று பிள்ளைகள் தலைமேல் சத்தியம் வாங்குவார்கள். தவக்காலத்தில் இறைச்சியை விடுவதுபோல் இதை விட முடியாது. நெடுநாள் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் உடல் தாங்காது. அடங்கியிருந்த வலியும் பெருகிவரும். உயிரை வெறுக்கும் எண்ணம்கூட எழலாம்.

மருத்துவர் துணையோடு படிப்படியாகக் குறைப்பதே பாதுகாப்பான வழி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஓராண்டுக்கு மேல் எடுத்தவர்களுக்கு மாதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதைவிட மெதுவாகக் குறைப்பது தாங்கக்கூடியதாக இருக்கும் என்கிறது. அவரவர் உடல்நிலையைப் பார்த்து மருத்துவரே அளவை முடிவு செய்ய வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஏறிய படிகளில் ஒரே நாளில் இறங்கச் சொல்வது நியாயமல்ல.

இன்னொரு எச்சரிக்கை: சில வாரங்கள் குறைத்த அல்லது நிறுத்திய பிறகு, மனம் தளர்ந்து பழைய அளவையே மறுபடி எடுத்தால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். பழைய அளவைத் தாங்கும் சக்தி உடலுக்கு அப்போது இருக்காது. மதுவோடும் தூக்க மாத்திரையோடும் இவை சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும். டிரமடால் அளவு மீறினால் வலிப்பும் வரலாம். கூப்பிட்டும் தட்டியும் எழும்பாமல், மூச்சு மிக மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்தால் உடனே 108ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் மானம் பார்க்க வேண்டாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலாவது, பேசுங்கள். சண்டைக்கு நடுவில் வேண்டாம். பிள்ளைகள் முன்னிலையிலும் வேண்டாம். மாத்திரை எடுத்து மயங்கிய வேளையும் ஏற்றதல்ல. மனம் தெளிவாக இருக்கும் ஒரு காலை நேரம் நல்லது. குற்றம் சாட்டாமல், கண்டதைச் சொல்லுங்கள். "ஏங்க, முப்பது நாளுக்கு வாங்கினது பதினஞ்சு நாள்லேயே தீர்ந்துடுச்சு. எனக்குப் பயமா இருக்கு. உங்களுக்கு வலி இருக்குன்னு எனக்குத் தெரியும். ரெண்டு பேருமா டாக்டர்கிட்ட போய் எல்லாத்தையும் சொல்லலாமா?" இதில் பழி இல்லை, உண்மையும் மறைக்கப்படவில்லை.

இரண்டாவது, வலியை மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள். புதிதாக வரும் வலி அல்லது கூடிக்கொண்டே போகும் வலி, நோய் திரும்பியதன் அறிகுறியா என்று பார்க்கப்பட வேண்டும். நரம்பு வலிக்கென்றே வேறு வகை மருந்துகள் உண்டு. உடற்பயிற்சி சிகிச்சையும் உதவும். வலிக்கு மாற்று வழி காட்டாமல் மாத்திரையை மட்டும் குறைப்பது, ஊன்றுகோலைப் பிடுங்கிக்கொண்டு நடக்கச் சொல்வதாகும்.

மூன்றாவது, ஒரே மருத்துவர், ஒரே மருந்துக்கடை, ஒரே நோட்டு என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். எந்த நேரம் எந்த மாத்திரை, வலி எவ்வளவு என்று எழுதிவையுங்கள். மாத்திரைகளைப் பூட்டிய பெட்டியில் வைத்து அந்தந்த நாளுக்குரியதை மட்டும் எடுத்துக்கொடுக்கலாம். ஆனால் நோயாளியின் சம்மதத்தோடு செய்யுங்கள். அவருக்குத் தெரியாமல் பையைத் துழாவினால் நீங்கள் துணைவர் என்ற நிலையிலிருந்து காவலர் என்ற நிலைக்கு வந்துவிடுவீர்கள். அவரும் இன்னும் ஆழமாக ஒளிக்கக் கற்றுக்கொள்வார்.

நான்காவது, பொய்க்குத் துணைபோகாதீர்கள். "மாத்திரை தொலைந்துவிட்டது" என்று மருத்துவரிடம் அவருக்காகப் பொய் சொல்வதும், சீட்டில்லாமல் எங்கேயோ வாங்கித் தருவதும் இரக்கம்போலத் தோன்றும். உண்மையில் நோயை வளர்க்கும். அதே வேளையில் சோறும் பேச்சும் பாசமும் மறுக்காதீர்கள். அன்பை விலைபேசும் வீட்டில் எந்த நோயும் குணமாவதில்லை.

ஐந்தாவது, மருத்துவ உதவி தேடுங்கள். மனநல மருத்துவர்களும் போதை மறுவாழ்வு மையங்களும் இதற்காகவே இருக்கிறார்கள். போதை மீட்புக்கான மத்திய அரசின் கட்டணமில்லா எண் 14446. மனச்சோர்வு, உயிரை வெறுக்கும் எண்ணம் ஆகியவற்றுக்கு 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் எண் 14416. தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வலியும் வேதனையும் தணிக்கும் ஆதரவுச் சிகிச்சையும் உடற்பயிற்சி சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன.

அபின் பழக்கத்தை விட முடியாமலே புனிதரானவர்

அடிமைநிலையில் இருப்பவரைக் கடவுள் கைவிட்டுவிட்டார் என்று நினைப்பவர்கள் புனித மாற்கு ஜி தியான்சியாங்கை அறிந்துகொள்ள வேண்டும். 1834இல் சீனாவில் பிறந்தவர். ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்த மருத்துவர். தமக்கு வந்த கடும் வயிற்று நோய்க்கு அபினை மருந்தாக எடுத்தார். பிறகு அதை விட முடியவில்லை. மீண்டும் மீண்டும் அதே பாவத்தை அறிக்கையிட்டபோது, அவருக்கு மனந்திருந்தும் எண்ணமே இல்லை என்று கருதிய குரு, பழக்கத்தை விடும்வரை ஒப்புரவு அருளடையாளத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடிமைநிலை ஒரு நோய் என்ற அறிவு அக்காலத்தில் இல்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நற்கருணை இன்றியே அவர் கோவிலுக்கு வந்தார்; செபித்தார்; விசுவாசத்தை விடவில்லை.

1900இல் பாக்ஸர் கலவரத்தில் குடும்பத்தாரோடு பிடிபட்டார். தம் குடும்பத்தில் யாரும் தனியாகச் சாகக்கூடாது என்பதற்காகத் தம்மைக் கடைசியாகக் கொல்லும்படி கேட்டுக்கொண்டார் என்பது அவரைப் பற்றிய வரலாறு. 2000ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் புனித இரண்டாம் யோவான் பவுல் அவரைச் சீன மறைச்சாட்சியர் 120 பேரில் ஒருவராகப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

அவர் பழக்கத்திலிருந்து விடுபட்டதாக எந்தச் செய்தியும் இல்லை. ஆனாலும் திருச்சபை அவரைப் பீடத்தில் ஏற்றியிருக்கிறது. இன்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1735ஆம் எண்ணில், பழக்கமும் அச்சமும் பிற மனநிலைக் காரணங்களும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கவோ நீக்கவோ கூடும் என்று கற்பிக்கிறது. ஆகவே, மாத்திரையை விட்ட பிறகு ஒப்புரவுக்குப் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். இன்றே வாருங்கள். விழுந்தால் மறுபடி வாருங்கள். அங்கே சொல்வது அங்கேயே அடக்கமாகும். நோயில்பூசுதலும் சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும் உரியதல்ல. கடும் நோயில் வாடுகிறவர் அதைக் கேட்டுப் பெறலாம்.

சத்திரக்காரரையும் நினையுங்கள்

நல்ல சமாரியர் உவமையில் (லூக்கா 10) நாம் அதிகம் கவனிக்காத ஒருவர் சத்திரக்காரர். சமாரியர் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார். அவை அக்கால மருந்துகள். அன்றிரவு கூடவே இருந்தார். மறுநாள் பணம் கொடுத்து, சத்திரக்காரரிடம் ஒப்படைத்து, திரும்பி வருவதாகச் சொல்லிப் புறப்பட்டார். அவர் அன்பு குறைந்ததால் போகவில்லை. ஒரே ஆளாக எல்லாவற்றையும் சுமக்க முடியாது என்பதை அறிந்திருந்தார்.

அன்புள்ள துணைவரே, நீங்களும் தனியாகச் சுமக்க வேண்டாம். திருமண நாளில் பலிபீடத்தின் முன் நீங்கள் கொடுத்த வாக்கில் நோய்க்காலமும் அடங்கியிருந்தது. உங்கள் தூக்கத்தையும் உடல்நலத்தையும் அழித்துக்கொள்ளும் வாக்கு அல்ல அது. உங்களுக்கு வரும் கோபமும் அலுப்பும் பாவம் என்று அஞ்சாதீர்கள். அவற்றை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லுங்கள். அவர் எப்போது குணமாவார் என்பது உங்கள் கையில் இல்லை. அவர் தனியாக இல்லை என்பதை நாள்தோறும் உணர்த்துவது உங்கள் கையில் இருக்கிறது.

அன்பியத்து உறவுகளே, நாம்தான் அந்தச் சத்திரக்காரர். புற்றுநோய் என்று கேட்டதும் ஆர்லிக்ஸும் பழமும் வாங்கிக்கொண்டு போன நாம், சிகிச்சை முடிந்ததும் போவதை நிறுத்திவிடுகிறோம். அந்த வீட்டுக்கு இப்போதுதான் ஆள் தேவை. ஞாயிறு திருப்பலிக்குத் துணைவர் போய்வர இரண்டு மணி நேரம் நோயாளியோடு உட்காருங்கள். மருத்துவமனைக்கு வண்டியில் அழைத்துப்போங்கள். காதில் விழுந்ததைத் தெருவில் பேசாதீர்கள்.

செபிப்போம்: ஆண்டவரே, வலியால் துடிப்பவரையும் அவருக்காகத் தவிப்பவரையும் உமது கரத்தில் ஒப்படைக்கிறோம். உண்மையைப் பேசும் துணிவையும், காத்திருக்கும் பொறுமையையும், விழுந்தவரை மறுபடி தூக்கிவிடும் அன்பையும் எங்கள் குடும்பங்களுக்குத் தாரும். ஆமென்.