ஸ்பீக்கர் பெட்டி – 6: பஞ்சை எங்கே வைப்பது?

சென்ற வாரம் பலகை வெட்டி, ஒட்டி, ஊஃபருக்குத் துளையும் போட்டு முடித்தோம். இனி உள்ளே என்ன போடுவது? திகன சந்தியில் முச்சக்கரவண்டிக்கு செட் பூட்டுகிறவரிடம் கேட்டால் ஸ்பொஞ்ச் என்பார். சோபா தைக்கிறவர் தும்பு என்பார். ரெஜிபோம், முட்டை அட்டை என்று சொல்கிறவர்களும் உண்டு. எதைப் போடுவது என்பதில்தான் எல்லோருக்கும் அக்கறை. எங்கே போடுவது என்று ஒருவரும் கேட்பதில்லை. காசு வீணாவது அங்கேதான்.

பெட்டியில் இருக்கும் கோளாறுகள் இரண்டு. பலகை அதிர்ந்து தானும் ஒரு ஸ்பீக்கராகிப் பாடுவது ஒன்று. உள்ளே அடைபட்ட காற்று முழங்குவது மற்றது. இந்த இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. பஞ்சை எவ்வளவு திணித்தாலும் பலகையின் அதிர்வு நிற்காது. தார் விரிப்பை எத்தனை அடுக்கு ஒட்டினாலும் காற்றின் முழக்கம் அடங்காது.

முதலில் பலகை. விரல் மொட்டியால் பக்கப் பலகையின் நடுவில் தட்டுங்கள். 'டங்' என்று இழுத்தால் பலகை பாடுகிறது. 'டப்' என்று செத்துவிட்டால் நல்லது. பலகையைத் தடிப்பாக்குவதுதான் வழி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பிபிசி ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த ஹார்வுட், மாத்யூஸ் இருவரும் 1977இல் வெளியிட்ட அறிக்கை வேறு கதை சொல்கிறது. மெல்லிய ஒட்டுப்பலகையில் கனமான தார் விரிப்பை ஒட்டினால், அதிர்வு காதுக்கு அவ்வளவாக உறைக்காத தாழ்ந்த சுருதிக்கு இறங்கிவிடுகிறது. அங்கேயும் சீக்கிரம் அடங்கிவிடுகிறது. வெறும் தடிப்பலகையோ அதே அதிர்வை காது கூர்மையாகக் கேட்கும் இடத்துக்கு ஏற்றிவிடும். அதே பிபிசியின் சின்னஞ்சிறு எல்எஸ்3/5ஏ பெட்டி 12 மி.மீ. பலகையில் செய்தது. ஐம்பது வருடமாகியும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

தார் விரிப்பு கிடைக்காவிட்டால் பழைய லொறி டியூப் போதும். பெரும்பாலான டியூப்கள் பியூட்டைல் இறப்பரில் செய்தவை. அது அதிர்வை வாங்கிச் சூடாக்கித் தின்றுவிடும். நம் தோட்டத்து இறப்பர் ஷீட்டை ஒட்டலாமே என்று கேட்பீர்கள். வேண்டாம். பந்து துள்ளுவதற்கு ஏற்ற இறப்பர் அது. வாங்கிய அதிர்வைத் திருப்பிக் கொடுத்துவிடும். டியூப்பை வெட்டி, பலகையின் நடுப்பகுதியில் இடைவெளியில்லாமல் பசையிட்டு ஒட்டுங்கள். அதன்மேல் மெல்லிய ஒட்டுப்பலகை ஒன்றையும் ஒட்டினால், நடுவில் மாட்டிய இறப்பர் இருபக்கமும் இழுபட்டு இன்னும் நன்றாக வேலை செய்யும். விளிம்பு வரை ஒட்டத் தேவையில்லை, மூலைகள் அவ்வளவாக அசைவதில்லை.

இனி காற்று. விஷயம் இங்கேதான் இருக்கிறது.

பெட்டியின் உள்ளுயரம் 45 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 344 மீற்றர் ஓடுகிறது. மேல்தட்டுக்கும் கீழ்தட்டுக்கும் நடுவே அது முட்டி முட்டித் திரும்பும்போது 380 ஹேர்ட்ஸை ஒட்டி ஒரு முழக்கம் எழும். ஆண் குரலின் நடுவயிற்றில் விழுகிற சுருதி அது. செய்தி வாசிப்பவர் பீப்பாய்க்குள் இருந்து பேசுவது போலக் கேட்பது இதனால்தான்.

இந்த முழக்கத்தின்போது தட்டுகளை ஒட்டிய காற்று அசைவதேயில்லை, அமுங்கி விரிய மட்டும் செய்கிறது. அசைவு உச்சத்தில் இருப்பது நட்ட நடுவில், தட்டிலிருந்து 22 செ.மீ. தள்ளி. பஞ்சு ஒலியைத் தின்பது, அதன் இழைகளுக்கு இடையே காற்று உரசி ஓடும்போது மட்டுமே. அசையாத காற்றில் பஞ்சுக்கு வேலையில்லை. ஆனால் நாம் எல்லோரும் செய்வது என்ன? ஓர் அங்குல ஸ்பொஞ்சைச் சுவரோடு ஒட்டிவிட்டுத் திருப்திப்படுகிறோம்.

தும்பை வைத்தே இதைப் பார்க்கலாம். மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தென்னந்தும்பை அளந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 20 மி.மீ. தடிப்பில் பச்சைத் தும்பு சராசரியாக 80 வீத ஒலியை விழுங்கியது. ஆனால் அது 1360 ஹேர்ட்ஸுக்கு மேலேதான். 45 மி.மீ. ஆக்கியபோது 578 வரை இறங்கியது. நம் 380 அதற்கும் கீழே நிற்கிறது. ஆகவே தும்பைச் சுவரிலிருந்து விலக்கி நடுவில் குறுக்காக நிறுத்த வேண்டும். காருக்கு இருக்கை செய்கிற, இறப்பர்ப்பால் தெளித்த தும்பு இதற்குத் தோதானது. விறைப்பாக நிற்கும், வருடக்கணக்கில் இருந்தாலும் சரியாது.

இலவம்பஞ்சின் இழை தும்பைவிட மிக நுண்ணியது. உள்ளே குழல் போல வெறுமை. அதனால் குறைந்த எடையிலேயே உரசல் அதிகம். மெத்தைக் கடையில் ஒரு கிலோ கேட்டேன்.

"தலையணைக்கா தம்பி?"

"இல்லை நானா, ஸ்பீக்கர் பெட்டிக்கு."

"அப்ப சீலையில் தைச்சுப் போடுங்க. இல்லாட்டி ஆறு மாசத்தில் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்திடும்."

அவர் சொன்னது சரி. இங்கிலாந்தில் ஆர்தர் பெய்லி 1965இல் நீண்ட குழாய்ப் பெட்டிக்கு ஆட்டுரோமம் அடைக்கச் சொன்னார். செய்து பார்த்தவர்கள் ரோமம் சரியாமலிருக்க வலைகட்ட வேண்டியிருந்தது. மெல்லிய சீலையில் தையலிட்ட பை என்றால், ஊஃபரின் சுருளுக்குள் இழை புகுவதும் நிற்கும். இலவம்பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும், ஆகவே அம்பிளிபயர் உள்ள பெட்டியில் அதை வைக்காதீர்கள். கிளாஸ் வுல் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கையுறை, முகமூடி இல்லாமல் தொடக்கூடாது, திறந்த துவாரமுள்ள பெட்டிக்குள் போடவும் கூடாது. ரெஜிபோமின் கண்கள் மூடியவை, காற்று உள்ளே நுழையாது. முட்டை அட்டையை முட்டைக்கே விட்டுவிடுவோம்.

எவ்வளவு அடைப்பது? மூடிய பெட்டிக்கு லீற்றருக்கு 8 முதல் 16 கிராம். 40 லீற்றர் என்றால் 320 முதல் 640 கிராம். எட்கர் வில்சர் 1954இல் ஏஆர்-1 என்ற மூடிய பெட்டியைக் கண்ணாடி இழை அடைத்து அறிமுகப்படுத்தியபோது, அந்தச் சிறிய பெட்டியிலிருந்து வந்த பேஸ் கேட்டுப் பலர் நம்பவில்லை. அமுக்கும்போது சூடேறும் காற்றின் வெப்பத்தை இழைகள் வாங்கிக்கொள்வதால் பெட்டி கொஞ்சம் பெரிதானது போல நடந்துகொள்கிறது. கணக்குப்படி 40 வீதம் வரை, நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. அளவு மீறித் திணித்தால் இழைகளே கூம்போடு சேர்ந்து அசையத் தொடங்கி, கிடைத்ததும் போய்விடும்.

துவாரம் வைத்த பெட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே துவாரத்தில் பொருத்திய குழாய்க்குள் ஓடும் காற்றுதான் பேஸ் தருகிறது, அதன் வழியை மறிக்கக்கூடாது. ஊஃபருக்குப் பின்னாலும் நடுக்குறுக்காகவும் ஓர் அடுக்கு, குழாயின் வாயைச் சுற்றி ஒரு சாண் வெளி. அவ்வளவுதான்.

சரிபார்க்க இலங்கை வானொலியின் தமிழ்ச் செய்தியை வையுங்கள், ஆண் வாசிப்பாளராக இருந்தால் நல்லது. பாட்டு வேண்டாம், அதில் எந்தக் கோளாறும் ஒளிந்துகொள்ளும். பீப்பாய்க் குரல் போகும்வரை கைப்பிடி கைப்பிடியாகப் பஞ்சைக் கூட்டுங்கள். குரல் மங்கித் தட்டையாகிவிட்டால் கடைசியாகப் போட்ட பிடியை வெளியே எடுத்துவிட்டு மூடுங்கள். குழாயின் நீளத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.