கண்வலிக்கிழங்குக்குப் போட்டியாக வருமா ஈஸ்ட்?

மதுரை கோச்சடையில் வீடு. ஒட்டன்சத்திரம் பக்கம் ஒன்றரை ஏக்கரில் கண்வலிக்கிழங்கு. அந்த விவசாயியிடம் கல்லூரியில் படிக்கும் மகள் ஒரு சேதி சொன்னாள்: "நம்ம விதையில இருக்குற மருந்தை இனிமே தொட்டியில ஈஸ்ட்டை வளர்த்தே எடுத்துருவாங்களாம்ப்பா." அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப பந்தலைப் பிரிச்சுற வேண்டியதுதானா தாயி?"

நியாயமான பயம்தான். வியாபாரி இந்த விதையை வாங்குவதே அதிலுள்ள கோல்சிசினுக்காக. கவுட் என்னும் மூட்டுவலிக்கு மாத்திரையாகப் போவது அதுதான். (விதையும் கிழங்கும் கொடிய விஷம், கைவைத்தியத்துக்கு எடுக்கவே கூடாது.) விதையில் அது நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

இந்தச் செடி கோல்சிசினை எந்தெந்தப் படியாகத் தயாரிக்கிறது என்பதை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் பெருமளவு கண்டுபிடித்தார்கள். அதற்குரிய மரபணுக்களைப் புகையிலை இனச் செடி ஒன்றின் இலைக்குள் செலுத்தினார்கள். கோல்சிசினுக்கு முந்தைய நிலைப் பொருள் அந்த இலையில் உருவானது. செடியின் வழி தெரிந்துவிட்டால், ஈஸ்ட்டுக்கும் அதைப் பழக்கிப் பார்க்கலாம்.

ஆனால் பழக்கிவிட்டால் மட்டும் போதாது. நம் மருக்கொழுந்துக்குப் பங்காளியான ஒரு செடியிலிருந்து ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து கிடைக்கிறது. அமெரிக்க விஞ்ஞானி ஜே கீஸ்லிங் குழு ஈஸ்ட்டின் மரபணுவை மாற்றி, அந்த மருந்துக்கு முந்தைய அமிலத்தைச் சுரக்க வைத்தது. சனோஃபி நிறுவனம் 2013-ல் இத்தாலியில் ஆலையே தொடங்கியது. ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை, கிருமி புகாத தொட்டி, மின்சாரம், பிறகு ரசாயன வேலை என்று செலவு ஏறியது. கிலோ 350 டாலருக்கு மேல் விற்றால்தான் கட்டுப்படியாகும் என்ற நிலை. அந்த நேரம் பார்த்து விவசாயிகள் நிறையப் பயிரிட்டதால், செடியிலிருந்து எடுத்தது 250 டாலருக்கும் கீழே இறங்கியது. 2015-ல் அந்த ஆலை ஒரு கிலோகூடத் தயாரிக்கவில்லை. ஆர்ட்டிமிசினினைக் கண்டுபிடித்த சீனத்துப் பெண்மணி தூ யூயூவுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே வருஷம்!

சீனித்துளசி கதை வேறு. அதில் மிக ருசியான இனிப்புப் பொருள் இலையில் சொற்பமே உண்டு. ஈஸ்ட் மூலம் தயாரித்தது இப்போது கடைக்கே வந்துவிட்டது. செடியில் அரிதாக இருக்கும் பொருளில்தான் தொட்டிக்கு லாபம்.

கோல்சிசினும் அரிதுதான். போதாததற்கு, பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தடவ வேண்டியிருப்பதால் ஆள் கூலி எகிறுகிறது. விதை விலை ஒரேயடியாக ஏறும்போது நமக்குக் கொண்டாட்டம். மருந்துக் கம்பெனி மாற்றுவழி தேடுவதும் அப்போதுதான்.

கோச்சடைக்காரர் பந்தலை முழுதாகப் பிரிக்கவில்லை. அரை ஏக்கரில் மட்டும் முருங்கை வைத்திருக்கிறார். மிச்சம் ஒரு ஏக்கரில் விடிகாலையிலேயே மகரந்தம் தடவ ஆட்கள் இறங்கிவிடுகிறார்கள்.